வெள்ளாவியில் போன பெயர்

அரசாங்கம் மாறுவதை எங்கள் வீட்டில் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டதே இல்லை. அழுக்கு மூட்டையைப் பிரித்தால் தெரிந்துவிடும். மலாக்காவில், காஜா பெராங்கில், என் அப்பா டோபி வேலை செய்தார். வீட்டுக்குப் பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டித் துணியை ஆவியில் வேகவைக்கும் வெள்ளாவி அடுப்பு, அதைத் தாண்டி வேலி வரைக்கும் காயப்போடும் கொடிகள். ஜப்பான் சண்டைக்கு முன்னால், ஊரில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரத் துரைமார்களின் துணி நிறைய எங்களிடம்தான் வந்தது. எல்லாம் வெள்ளை டிரில் துணி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றுவார்கள். இந்த ஊர் வெயிலுக்கும் சேற்றுக்கும் வெள்ளைதான் உடுத்தவேண்டும் என்று அவர்களுக்கு எந்தப் புத்திசாலி சொன்னானோ, அவன்தான் எங்களுக்குச் சோறு போட்டவன்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் துணி எது என்று தெரிவதற்காக, ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை வாங்கி வந்து, அதன் பாலால் கழுத்துப்பட்டியின் உள்பக்கம் குறி வைப்பார். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது. ஒரு துரைக்கு இரண்டு புள்ளி, இன்னொருவருக்குப் புள்ளியும் கோடும். ஊரையே நடுங்கவைத்த நீதிபதி எங்கள் வீட்டில் வெறும் மூன்று புள்ளி. “மூணு புள்ளிக்குக் கஞ்சி பத்தல, அவரு திட்டுவாரு” என்பார் அப்பா. அவர்களுக்குப் பெயர் இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய அரசியல் முழுவதும் ஒரே ஒரு வாக்கியம்தான். “எவன் ஆண்டா நமக்கென்ன, எல்லாருக்கும் கழுத்துலதான் அழுக்கு.” கடைத்தெருவில் யாராவது காந்தி, ராஜா, சண்டை என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கும் தேர்தல் நாளில் வேறு வேறு வாயிலிருந்து இதைக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் எல்லோரும் ஏதோ பெரிய ஞானத்தைச் சொல்லிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். என் அப்பா அப்படி வைத்துக்கொள்ளமாட்டார். அவர் நிஜமாகவே நம்பினார்.

ஜப்பான்காரன் வந்த வாரம், அப்பா வழக்கம்போல வெளுத்த துணிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு துரைமார் வீடுகளுக்குக் கிளம்பினார். மத்தியானம் மூட்டை பிரியாமல் திரும்பி வந்தார். கதவெல்லாம் திறந்து கிடந்ததாம். ஒரு வீட்டில் மேசைமேல் சாப்பாடு பாதியில் இருந்ததாம். நாய்கள் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தனவாம். எல்லோரும் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார்கள். சூரியனே மறையாது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ராஜ்ஜியம் அது. அம்மா என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அப்பா, “துணி வாங்க ஆளில்ல” என்று மட்டும் சொன்னார். மூட்டைகளைப் பரணில் ஏற்றி, கரையான் ஏறாமல் இருக்கப் புகையிலைத் தூள் போட்டு மூடினார்.

ஜப்பான் காலத்தில் துணிப் பஞ்சம். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு, அரிசிச் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டோம். எனக்கு இடுப்பெல்லாம் புண். அம்மா பரணைக் காட்டி, “அதுல ரெண்ட எடுத்து வெட்டிக் குடுங்க, புள்ளைக்குத் தைச்சுப் போடுறேன்” என்று கெஞ்சினார்.

“வெளுக்க வந்த துணி நம்ம துணி இல்ல.”

“அவன் எங்க வரப் போறான்?”

“வந்து கேட்டா?”

அதோடு பேச்சு முடிந்தது. நான் சாக்கிலேயே நடமாடினேன். இந்தக் காரியத்தில் மட்டும் அப்பாவை என்னால் கோபித்துக்கொள்ள முடிந்ததில்லை.

அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்ய இந்தியாவில் அப்பா பிறந்த ஊரிலிருந்து வந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கூச்ச சுபாவம். புது ஆளைக் கண்டால் வாய் திறக்கமாட்டார். எனக்கு மட்டும் பாட்டுப் பாடிக் காட்டுவார். வெள்ளைக்காரன் துணி நின்றதும் இரண்டு ஆம்பிளைகளுக்கு வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள், நல்ல சம்பளம், அரிசிச் சோறு, சீக்கிரம் திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். சித்தப்பா பேர் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் தம்பின் என்ற ஊரிலிருந்து மலாக்காவுக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தையும் ஜப்பான்காரன் பெயர்த்து அந்தப் பக்கமே கொண்டுபோனான். தண்டவாளமும் வரவில்லை, சித்தப்பாவும் வரவில்லை. இன்றுவரை எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. ஒவ்வொரு முறையும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஊரே கொடி பிடித்தது. போனவன் வேறு, வந்தவன் வேறு என்று எங்களுக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் கழுத்துப்பட்டி லேசாக நைந்தாலே சட்டையைத் தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது பட்டியைப் பிரித்து, திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். கால்சட்டையில் ஒட்டு. அப்பா அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெள்ளாவியில் வைப்பார்.

பழைய ஆட்களில் ஒரே ஒருவர்தான் எங்கள் வீடு தேடி வந்தார். இரண்டு புள்ளி. சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் சிறைப்பட்டுக் கிடந்தவராம். வாசலில் நின்றவரை யார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. அப்பா பரணில் ஏறி மூட்டையை இறக்கி, சரியான இரண்டு புள்ளிகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். அவர் ஒரு கால்சட்டையை இடுப்பில் வைத்துப் பார்த்தார். அவரைப்போல இன்னொரு ஆளும் அதற்குள் நுழையலாம். பிறகு மடித்து அப்பாவிடம் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அப்பா கத்தரிக்கோலை அம்மாவிடம் நீட்டினார். இரண்டு புள்ளியின் கால்சட்டையில் தைத்த பாவாடையைப் போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அது நடக்கும்போது மொடமொடவென்று சத்தம் போடும்.

சில வருஷம் கழித்து, காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த சமயம், எல்லோருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்றார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, மேசையில் இருந்தவர் அப்பாவின் பெயரைக் கேட்டார். அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் சொல்லமாட்டார். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம் அது. நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு அக்கா கூட வந்திருந்தார். அவர் மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர் வம்சம். எங்களோடு கோயிலுக்கு வருவார், நெற்றியில் திருநீறு பூசுவார், ஆனால் பேசுவதெல்லாம் மலாய். அவர்தான் முன்னால் போய்ப் படபடவென்று பெயரைச் சொல்லி அட்டையை வாங்கித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், “பேரு குடுத்தவன் எவன் திரும்பி வந்தான்?”

அந்த அட்டை கொஞ்ச நாளில் வெள்ளாவியில் வெந்துபோனது. சட்டைப் பையில் இருந்ததைப் பார்க்காமல் வேகவைத்துவிட்டேன் என்றார். ஊரார் சட்டைப் பையையெல்லாம் ஒன்று விடாமல் தடவிப் பார்த்து, சில்லறை இருந்தால் முடிந்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிற மனிதர். தன் பையை மட்டும் பார்க்க மறந்தாராம். நான் நம்பவில்லை, நீங்களும் நம்பவேண்டாம். படம் லேசாகத் தெரிந்தது. எழுத்து அத்தனையும் கரைந்து நீலமாகி, யாருடைய சட்டையிலோ ஒட்டிக்கொண்டு, அதை எடுக்க அவரே நாள் பூராவும் தேய்த்தார்.

பிறகு சுதந்திரப் பேச்சு வந்தது. தலைவர்கள் பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ஊர்வலமாக வந்து, கடற்கரைத் திடலில் தேதியை அறிவித்த நாளில் காஜா பெராங் காலியாக இருந்தது. என்னையும் அம்மாவையும் அக்கா இழுத்துக்கொண்டு போனார். அப்பா வரவில்லை. கூட்டத்தால் கிளம்பும் புழுதி காய்கிற துணியில் விழுகிறது என்று திட்டிக்கொண்டு கொடிக்கடியில் நின்றார். மறுநாள் வந்த மூட்டைகளில் அத்தனை அழுக்கு. எல்லோர் முதுகிலும் வியர்வைக் கறை, முழங்காலில் புழுதி. “நேத்து பெரிய கூட்டந்தான் போல” என்றார். அவர் மலாயாவின் சுதந்திரத்தைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த பிறகு, வெளியே பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வருஷம் தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணைக்குள் என்றால் மலாய்ப் பரீட்சைகூட இல்லை. அம்மாவும் நானும் இங்கே பிறந்தவர்கள், எங்களுக்குத் தானாகவே உண்டு. அப்பா ஒருவருக்குத்தான் இல்லை. எனக்கு அப்போது கல்யாணம் ஆகி, அடுத்த சந்தில் குடியிருந்தேன். இஸ்திரி போட தினமும் வந்துவிடுவேன். தினமும் இதே சண்டைதான்.

“நாங்க எல்லாம் இந்த ஊரு. நீங்க மட்டும் யாரு?” என்பார் அம்மா. “நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“டோபின்னு சொல்லுவேன்.”

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “டஃப்தார் சாஜா லா, அண்ணே” என்பார். போய்ப் பதிந்துவிட்டுத்தான் வாயேன் என்று அர்த்தம். அப்பா சிரித்துவிட்டு, வெள்ளைக்காரன் போனான், ஜப்பான்காரன் போனான், இவன் எத்தனை நாளோ என்று கிணற்றடிக்குப் போய்விடுவார். பெரிய பெரிய ராஜ்ஜியங்கள் ஓடியதைக் கிட்டத்தில் நின்று பார்த்தவருக்கு எந்த ராஜ்ஜியத்திலும் பேரை எழுதிவைக்கத் தோன்றவில்லை. அதில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ராஜ்ஜியம் ஓடினாலும் ஊர் இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது. அதை அவருக்கு யாராலும் புரியவைக்க முடியவில்லை.

கடைசியில் அம்மா கஞ்சி காய்ச்சுவதை நிறுத்திவிட்டார். கஞ்சி இல்லாமல் டோபி என்ன செய்வான்? துணிகள் துவண்டு தொங்கின, வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அப்பா தானே அடுப்பில் அரிசியைப் போட்டுக் கட்டியும் முட்டியுமாக ஏதோ கிண்டினார். அடுத்த வாரம், “சரி, வா, போய்த் தொலைப்போம்” என்றார். தன் சட்டையைத் தானே வெளுத்து, இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். என்னை வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். சந்து முனையில் அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று சட்டைக்குத் தப்பான பக்கம் இஸ்திரி போட்டேன்.

பதிவு ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. அங்கே நடந்ததை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீண்ட வரிசை. மேசையில் குமாஸ்தாவாகத் தமிழ்ப் பையன் ஒருவர். வெந்துபோன அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பேரு என்னாங்கையா?” என்று கேட்டார். அப்பா சும்மா நின்றார். மறுபடியும் கேட்டார். அப்பா வாயைத் திறந்தாராம், சத்தம் வரவில்லையாம். குமாஸ்தா அம்மாவைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.” அம்மா தலையைக் குனிந்துகொண்டு, அது மலைமேல இருக்கிற சாமி பேரு என்றார். குமாஸ்தா ஒரு பெயரைச் சொன்னார். இல்லை என்றார். இன்னொன்று சொன்னார். அதுவும் இல்லை. பின்னால் நின்றவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். யாரோ ஒருவன், “ஐயாவுக்கே மறந்துபோச்சு போல” என்றான். மண்டபமே சிரித்தது. அம்மாவும் வெட்கத்தில் சிரித்துவிட்டாராம். அப்பா மேசையிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, திரும்பி, வரிசையை ஒட்டியே நடந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல மூட்டை எடுக்கப் போனதும், அம்மா இஸ்திரி மேசைக்கடியில் உட்கார்ந்து அழுதார். நான் அப்பாவைத் திட்டினேன். வாயில் வந்தபடி திட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து, “திட்டாத. அவருக்கு வாய் வராது” என்றார். அப்போதுதான் சொன்னார். சயாமுக்கு ஆள் எடுத்த அன்றைக்கு, மேசை முன்னால் போய் நின்ற சித்தப்பா கூச்சத்தில் பேசாமல் நின்றிருக்கிறார். எழுதுகிறவன் அதட்டியிருக்கிறான். தம்பி வேலையைத் தவறவிட்டுவிடுவானே என்று, பின்னால் நின்ற அப்பாதான் முன்னால் வந்து அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார். சத்தமாக, தெளிவாக, தகப்பன் பெயரோடு சேர்த்து. “அன்னிலேர்ந்து எந்த மேசைய கண்டாலும் அவருக்கு நாக்கு ஒட்டிக்குது” என்றார் அம்மா.

தவணை முடிந்தது. அப்பா மறுபடியும் வரிசையில் நிற்கச் சம்மதிக்கவில்லை. ஊர் ஒருமுறை சிரித்தது போதும் என்றார். பிறகு நானே அலைந்து அவருக்கு அட்டை வாங்கினேன். குடியுரிமை உள்ள எங்களுடையது நீலம், இல்லாத அவருடையது சிவப்பு. அதனால் அப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை, கிணற்றில் தண்ணீர் ஊறியது, ஊரில் அழுக்கு இருந்தது. ஆனால் நைலான் சட்டை வந்தது. அதற்குக் கஞ்சியும் வேண்டாம், டோபியும் வேண்டாம். வீட்டில் செய்த சலவை வேலை படுத்ததும் அப்பா ஒரு சலவைக் குத்தகைக்காரரிடம் கூலிக்குப் போனார். கடலோரம் முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தின் துணி அங்கே மலைமலையாக வந்தது. பிறகு அவர்களும் மூட்டை கட்டினார்கள். இந்த முறை யாரும் துரத்தவில்லை, கட்டுப்படியாகவில்லை என்று அவர்களே போனார்கள். அப்பா அவர்கள் கடைசியாகப் போட்ட துணிகளையும் வெளுத்துக் கொடுத்தார்.

அதே சமயத்தில்தான் சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. குத்தகைக்காரர் வருத்தப்பட்டுக்கொண்டே நிறுத்திவிட்டார். நாங்கள் சோறு போடமாட்டோமா என்று நான் கேட்டேன். “வேல செய்யாதன்னு சொன்ன ஊருல குந்திக்கிட்டுத் திங்கச் சொல்றியா?” என்றார். தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவரும் டிக்கெட் எடுத்துவிட்டார். அம்மா தானும் வருவதாகச் சொன்னார். “ஒனக்கு அங்க யார தெரியும்? எனக்கே யாரையும் தெரியாது” என்றார் அப்பா. “ஒன் ஊரு இது. நீ இரு.”

கிள்ளான் துறைமுகத்துக்கு நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். கொட்டகைக்குள் பெட்டிகளும் பாய்களும் அழுகிற பெண்களும். அப்பாவின் பெட்டியில் நாலு வேட்டி, நாலு சட்டை, எல்லாம் அவரே கஞ்சி போட்டது. மேசையில் இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டிவிட்டு, நிமிராமலேயே பெயர் என்ன என்று மலாயில் கேட்டார். காகிதத்தில் இருக்கிறது, ஆனாலும் வாயால் சொல்லவேண்டும். அப்பா தரையைப் பார்த்தார். அதிகாரி மறுபடியும் கேட்டார். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அம்மா சொல்லிவிட்டார். என் தாத்தாவின் பெயரையும் சேர்த்து, முழுதாக, கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. அதுவரை அந்தப் பெயரை அம்மாவின் வாயால் நான் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டதில்லை. அவர் அம்மாவை முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். அதிகாரி காகிதத்தில் முத்திரை குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.